திறந்தால்தான் காசு

அந்த வீடியோ திறந்தபோது கடையில் ஐந்து பேர் இருந்தோம். கடை முதலாளி ஸ்டெல்லா அக்கா. அவரிடம் வேலை செய்த நான். லாரி ஓட்டுநர் ஜெயபாலன். அவர் மனைவி கோமதி. பிறகு பக்கத்துப் பெயிண்ட் கடை அங்கிள் லிம். அவருடைய பிரிண்டர் எங்களிடம் பழுதுக்கு வந்திருந்தது, எங்கள் கடையின் ஏர்கோன் குளிரும் அவருக்குப் பிடிக்கும். வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. யாராவது வந்து "யார் யாரெல்லாம் பார்த்தீங்க?" என்று கேட்பார்களோ என்று நான் வெகுநாள் பயந்துகொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் பதிலை இன்றுவரை தயாராகவே வைத்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடமாகிறது. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் தெப்ராவ் பக்கம் இருக்கும் அந்தக் கடையை இப்போது இரண்டு இளைஞர்கள் எடுத்து நடத்துகிறார்கள். போன மாதம் போனபோது ஒருவர் கேட்டார், "அண்ணே, இப்பல்லாம் ஃபைல் ஓப்பன் ஆகலேன்னா சாஃப்ட்வேர்ல போட்டு ஒரு தட்டு, முடிஞ்சுது. அப்ப நீங்க என்னதான் பண்ணுவீங்க?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்ததும் சரியாகச் சொல்லவில்லையே என்று மனசு அரித்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் சாஆ பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டேன். தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டினேன், பிறகு ஒரு கிடங்கில் சாமான் தூக்கினேன், பிறகு ஸ்டெல்லா அக்கா கடையில் டெலிவரிக்குச் சேர்ந்தேன். டெலிவரிக்கு வந்தவனை அவர் மேசையில் உட்கார வைத்ததற்குக் காரணம் ஒரு பூட்டு. ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போய், பூட்டினோமா என்று சந்தேகம் வந்து திரும்பி வந்தேன். பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் காரில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை சொன்னார், "சந்திரா, இனிமே நீ ரிப்பேர் மேசைக்கு வந்துரு. தைரியசாலி ரெண்டு பேரை வச்சுப் பாத்துட்டேன். ரெண்டு பேரும் கஸ்டமர் ஹார்டிஸ்கைக் காலி பண்ணிட்டாங்க. எனக்குப் பயப்படுற ஆளு வேணும்."

ஸ்டெல்லா அக்கா சிங்கப்பூரில் ஹார்டிஸ்க் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவர். அங்கே கையுறை, தலைமூடி எல்லாம் போட்டுப் பழகியவர் என்பதால், எங்கள் கடையிலும் சாமானைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வார். பேச்சு குறைவு. சீனி போடாத தேநீரை ஆறவிட்டுத்தான் குடிப்பார். வாடிக்கையாளர் அழுதாலும் கத்தினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கடைசியா எப்ப ஒழுங்கா தொறந்துச்சு? அதுக்கப்புறம் யாரு என்ன செஞ்சீங்க?" அதற்குப் பதில் வரும்வரை சாமானைத் தொடமாட்டார். பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

அதன் பிறகு நகல். பென்டிரைவோ கார்டோ எதுவானாலும் முதலில் முழுசாக ஒரு நகல், அந்த நகலுக்கு இன்னொரு நகல். அசல் உறைக்குள் போய் இழுப்பறையில் பூட்டப்படும். எந்த வேலையும் இரண்டாவது நகலில்தான். கெட்டுப்போனால் அதை எறிந்துவிட்டு மறுபடி எடுக்கலாம். எனக்கு இது சொர்க்கம் மாதிரி இருந்தது. வாழ்க்கையில் நான் பயந்த எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு நகல் எடுத்துக்கொள்ள முடியுமானால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்து அளவு. கோப்பின் அளவு சுழியமாக இருந்தால் உள்ளே ஒன்றுமில்லை, கைவிரித்துவிடலாம். அளவு இருந்தும் திறக்காவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. பிறகு வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். பிறகு கோப்பின் தலையைப் பார்க்க வேண்டும். எந்தக் கோப்பாக இருந்தாலும் அதன் ஆரம்பத்தில் நான் இன்ன வகை என்று சொல்லும் சில எழுத்துகள் இருக்கும். வெளியே பெயரை எப்படி மாற்றினாலும் அவை மாறாது.

அக்கா போகும் தேவாலயத்தின் பாடகர் குழு ஒருமுறை இப்படித்தான் மாட்டிக்கொண்டது. கிறிஸ்துமஸ் பாட்டுப் புத்தகம் திறக்கவில்லை. குழுவில் ஒருவர், பெயரின் வாலை, அதாவது புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகளை, மாற்றினால் அச்சுக்கடைக்குத் தேவையான வகையாகக் கோப்பு மாறிவிடும் என்று நம்பி மாற்றி வைத்திருக்கிறார். தலையைப் பார்த்தேன், வாலைத் திருப்பிப் போட்டேன், திறந்தது. கூட வந்த பாதிரியார் சிரித்துக்கொண்டே, "இவ்வளவுதானா? சர்ச்சுக்கு டிஸ்கவுண்ட் உண்டுதானே ஸ்டெல்லா?" என்றார்.

அக்கா சுவரைக் காட்டினார். அங்கே மூன்று மொழிகளில் அவர் கையால் எழுதிய அட்டை தொங்கியது. திறந்தால்தான் காசு. திறக்காவிட்டால் வேண்டாம்.

"தொறந்துருச்சு ஃபாதர்," என்றார். பாதிரியார் முழுக் காசையும் கட்டினார்.

அந்த அட்டை எனக்குச் சாதாரண வியாபார அட்டையாகத்தான் தெரிந்தது, ஜெயபாலன் வரும்வரை.

அவர் வந்தபோது இடது கையில் கட்டு. சொந்த லாரி வைத்து, ஒரு மரச்சாமான் கம்பெனிக்குச் சரக்கு ஏற்றுபவர். வங்கிக் கடன் பாதிகூட முடியாத லாரி. கெலாங் பாத்தா பக்கம் ஒரு சமிக்ஞை விளக்கில் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவரோடு மோதல். அந்த ஆள் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். தொடை எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். தனக்குத்தான் பச்சை விளக்கு என்று அவர் போலீசில் சொல்லியிருந்தார். ஜெயபாலனோ தனக்குத்தான் பச்சை என்றார். வேறு சாட்சி இல்லை. லாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவின் கார்டு மட்டும்தான் இருந்தது.

"அக்கா, எனக்குப் பச்சை. சாமி மேல சத்தியமா பச்சை," என்றார் ஜெயபாலன். "இந்த வீடியோ ஓப்பன் ஆனாப் போதும். நான் தப்பிச்சேன். இல்லேன்னா லைசென்சு போச்சு, லாரி போச்சு, எல்லாம் போச்சு."

"ஓப்பன் ஆகலேன்னா?" என்று கேட்டார் அக்கா.

கோமதி சொன்னார், "விசாரிக்கிற ஆபீசர், ஓப்பன் ஆகலேன்னா கடையிலேர்ந்து எழுதி வாங்கிட்டு வான்னு சொன்னாரு. அப்புறம் ரெண்டு பேரு சொல்றதையும் வச்சுத்தான் பாப்பாங்களாம். எப்படிப் போகுமோ தெரியல."

அக்கா தன் கேள்வியைக் கேட்டார். கார்டு புதுசு. அன்று காலைதான் போட்டது, பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கியது. பதிவைத் துண்டு துண்டாக வெட்டினால் நடுவில் விட்டுப்போகும் என்று நினைத்து, ஒரே நீளமாகப் பதியும்படி ஜெயபாலனே கேமராவில் மாற்றியிருந்தார். மோதிய வேகத்தில் கேமரா பிய்ந்து விழுந்து நசுங்கிவிட்டது. ஆகக் கார்டில் இருந்தது ஒரே ஒரு கோப்பு. அளவு பெரிதாக இருந்தது, ஆனால் திறக்கவில்லை.

கோளாறு எனக்கு அன்றே புரிந்தது. கேமரா படத்தை எழுதிக்கொண்டே போகும். எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பைப் பதிவு முடியும்போதுதான் எழுதும். இங்கே பதிவு முடியவில்லை, மின்சாரம் அறுந்துவிட்டது. படம் முழுக்க உள்ளே இருக்கிறது, எங்கே தொடங்கி எப்படிப் படிப்பது என்ற குறிப்புதான் இல்லை. அதே கேமரா ஒழுங்காகப் பதிந்த இன்னொரு வீடியோ இருந்தால், அதை மாதிரியாக வைத்து இதற்குக் குறிப்பு எழுதலாம். அதே கேமராவாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

"பழைய கார்டு எங்க?" என்றேன்.

ஜெயபாலன் தலையைச் சொறிந்தார். "அதை அழிச்சுப் பாட்டு ஏத்தி மச்சான் கார்ல போட்டுட்டேன் அண்ணே."

"அலமாக்," என்று மலாயில் ஐயோ போட்டார் அங்கிள் லிம் மூலையிலிருந்து. எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். "பாட்டு நல்லாவாவது இருக்கா?"

கோமதிக்குத்தான் ஞாபகம் வந்தது. லாரி வாங்கியபோது கோவிலில் வாகன பூஜை செய்தார்களாம். பூசாரி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் தேங்காய் உடைத்ததை, அன்றுதான் மாட்டிய கேமரா உள்ளேயிருந்தே பதிந்திருக்கிறது. அந்த வீடியோவைக் குடும்பத்தின் கைப்பேசிக் குழுவில் போட்டிருந்தார்கள். உடனே எடுத்துக் கொடுத்தார். எனக்கு அப்போதே சந்தேகம். கைப்பேசிவழி அனுப்பும்போது வீடியோ சுருங்கி வேறு வடிவமாகிவிடும். முயன்று பார்த்தேன். சாம்பல் நிறக் கட்டங்களாகத்தான் வந்தது.

"அசல் வேணும்," என்றேன். "கார்டிலேர்ந்து நேரா எடுத்தது. எங்கயாவது போட்டு வச்சீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோமதி மெல்லச் சொன்னார், "சாஆல பெரிய நாத்தனார் வீட்ல டிவில போட்டுக் காட்டணும்னு பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்தோமே."

பென்டிரைவ் வந்து சேரச் சில நாட்களாகின. நாத்தனார் அதைத் தர மறுத்திருக்கிறார். லாரியின் முதல் பூஜை அதில் இருக்கிறது என்பதால் சாமி மேடையில், வேல் பக்கத்தில் வைத்திருந்தாராம். அதை எடுத்துக் கம்பியூட்டரில் சொருகினால் தம்பிக்கு இன்னும் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அவருக்கு. எனக்கு அந்தப் பயம் நன்றாகவே புரிந்தது.

கோமதி பையிலிருந்து எடுத்தபோது பார்த்தேன். பென்டிரைவின் மேல் அழகாகச் சந்தனம், குங்குமம். குங்குமம் உலோக முனைக்குள்ளும் போயிருந்தது. அப்படியே சொருகியிருந்தால் அவ்வளவுதான். அக்கா கையைக் கழுவினார். கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டார், அது எப்போதும் வேலைக்கு முன் செய்வதுதான். மெல்லிய தூரிகையால் முனைக்குள் இருந்த குங்குமத்தை ஒரு வெள்ளைத் தாளில் தட்டித் தட்டி எடுத்தார். வெளியே இருந்த பொட்டைத் தொடவில்லை. தாளை மடித்துக் கோமதியிடம் கொடுத்தார். "இதைக் குப்பையில போட வேணாம்," என்றார். கோமதி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

உள்ளே பூஜை வீடியோ பத்திரமாக இருந்தது. நகல் எடுத்தேன். அதை மாதிரியாகக் காட்டி, உடைந்த கோப்பின் நகலில் வேலையை ஆரம்பித்தேன். முதல் முறை பாதியில் நின்றது. அளவுகளை மாற்றி மறுபடி விட்டேன். கோமதி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயபாலன் நின்றுகொண்டேயிருந்தார். அங்கிள் லிம், "பிரிண்டர் பரவால்ல லா, இதை முதல்ல பாருங்க," என்று நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளரின் கோப்பு திறந்ததும் ஆரம்பத்தை மட்டும் பார்ப்போம். படம் ஓடுகிறது என்று தெரிந்தால் திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு நாங்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வோம். அக்கா அந்த நேரத்தில் சுவர் நாட்காட்டியைப் பார்ப்பார். கல்யாண வீடியோவாக இருந்தாலும் அப்படித்தான், கணக்கு வழக்காக இருந்தாலும் அப்படித்தான். அவர்கள் சாமான், அவர்கள் பார்க்கட்டும் என்பார்.

வீடியோ திறந்தது. விடிகாலைச் சாலை, வைப்பர் ஆடுகிறது, லாரி போகிறது. "ஓடுது," என்றேன். கோமதி கை கூப்பினார். ஜெயபாலன் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அக்கா திரையைத் திருப்பிவிட்டு நாட்காட்டியைப் பார்க்க ஆரம்பித்தார். நான் நாற்காலியைத் தள்ளினேன். ஆனால் பார்க்காமலிருக்க என்னால் முடியவில்லை. ஜெயபாலனின் தோளுக்கு மேலே தெரிந்தது.

அவரே கடைசிப் பகுதிக்கு ஓட்டினார். தூரத்தில் பச்சை. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்றார். பிறகு மஞ்சள். லாரி வேகம் குறையவில்லை. பிறகு சிவப்பு. வெள்ளைக் கோடு அதற்குப் பிறகுதான் வந்தது. மோட்டார் சைக்கிள் இடதுபுறமிருந்து நிதானமாகத்தான் கிளம்பி வந்தது. அத்தோடு படம் நின்றது.

"மேரா..." என்று ஆரம்பித்த அங்கிள் லிம் வாயை மூடிக்கொண்டார். மலாயில் சிவப்பு. எழுந்து, பிரிண்டர் நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று முனகிவிட்டுக் கதவைத் திறந்து போனார்.

"திருப்பிப் போடுங்க," என்றார் கோமதி.

ஜெயபாலன் திருப்பிப் போட்டார். பச்சை, மஞ்சள், சிவப்பு, கோடு.

"நான் பச்சையைத்தான் பாத்தேன்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். தூரத்தில் பார்த்த பச்சை அவர் மனசில் அப்படியே நின்றுவிட்டது. "கோமு, நான் பச்சையைத்தான் பாத்தேன்."

மடித்த குங்குமத் தாள் கோமதியின் கையிலேயே இருந்தது.

ஜெயபாலன் அக்காவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "அக்கா, ஓப்பன் ஆகலேன்னு எழுதிக் குடுத்துருங்களேன். யாருக்கும் தெரியாது. உங்க கூலியை நான் டபுளாக் குடுத்துடறேன்."

அக்கா எழுதிக் கொடுத்துவிடுவாரோ என்றும் எனக்குப் பயம், கொடுக்காவிட்டால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்றும் பயம். லாரி, கடன், கட்டுப் போட்ட கை. இன்னொரு பக்கம் மருத்துவமனையில் கிடக்கும் ஆள்.

அக்கா நாட்காட்டியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"இது உங்க ஃபைல். நான் யார்கிட்டயும் போய் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சந்திரனும் சொல்ல மாட்டான். எங்க கம்பியூட்டர்ல இருக்கற காப்பியெல்லாம் உங்க கண்ணு முன்னாடியே அழிச்சிடுவேன், அது எப்பவும் செய்யறதுதான். எடுத்துட்டுப் போயி நீங்க என்ன வேணும்னாலும் செய்யுங்க. ஆனா தொறந்த ஃபைலைத் தொறக்கலேன்னு என் கையால எழுத மாட்டேன்."

"என் குடும்பம் தெருவுக்கு வந்துரும் அக்கா."

"தெரியும்," என்றார் அக்கா. பில் புத்தகத்தை இழுத்து, வீடியோ திறந்தது என்று எழுதி, கூலி முந்நூறு வெள்ளி என்று போட்டுக் கையெழுத்திட்டுக் கிழித்தார். கார்டு, பென்டிரைவ், புதுக் கோப்பைப் போட்ட டிவிடி தட்டு மூன்றையும் உறையில் வைத்து, பில்லோடு மேசையில் வைத்தார். "இப்ப இல்லேன்னா அப்புறம் கட்டுங்க."

ஜெயபாலன் உறையை எடுத்தார். பில்லை எடுக்கவில்லை. கோமதிதான் எடுத்து, குங்குமத் தாளோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு எனக்குத் தூக்கமே சரியாக இல்லை. சீருடை போட்ட யாராவது கடைவாசலில் நின்றால் அந்த ஐந்து பேரின் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். பக்கத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க வந்த காவலர் ஒருவர் வழி கேட்டதற்கு நான் உளறியதை அங்கிள் லிம் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். திறக்காமலே விட்டிருக்கலாமோ என்றும் தோன்றும். சாம்பல் கட்டங்கள் வந்தபோதே கைவிரித்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இதை ஒரு நாள் அக்காவிடம் சொன்னேன்.

"நீ தொறக்கலேன்னாலும் சிவப்பு சிவப்புதானே," என்றார். ஆறிய தேநீரைக் குடித்தார். ஆனால் அவரும் அந்த நாட்களில் வாசல் பக்கம் அடிக்கடி பார்த்ததை நான் கவனித்தேன்.

பல மாதங்கள் கழித்துக் கோமதி தனியாக வந்தார். ஐம்பது வெள்ளியை மேசையில் வைத்தார்.

"குடுத்துட்டாரு அக்கா," என்றார். "வீடியோவை. ஆபீசர் கையில அவரே போயிக் குடுத்துட்டாரு. நான் ஒரு வார்த்தை சொல்லல. தட்டை டிவி மேலயே வச்சிருந்தாரு, தெனமும் அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாரு. ஒரு நாளு சட்டை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு."

லாரியை வங்கி எடுத்துக்கொண்டது. லைசென்ஸ் கொஞ்ச காலம் போனது. மோட்டார் சைக்கிள்காரருக்கு இழப்பீடு கிடைத்தது, கொஞ்ச நாள் கம்பு ஊன்றி நடந்தார், பிறகு வேலைக்கும் திரும்பிவிட்டார் என்றார் கோமதி. ஜெயபாலன் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போகிறார். கோமதி ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறார்.

நான் தாங்க முடியாமல், "அக்கா, மிச்சத்தை விட்டுடலாமே," என்றேன்.

கோமதி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அக்கா ஐம்பதை எண்ணி இழுப்பறையில் போட்டு ரசீது எழுதினார். கோமதி போன பிறகுதான் பேசினார்.

"அந்த மனுஷன் டபுளாத் தரேன்னப்போ நான் வாங்கல. இப்ப அவரே தொறந்துச்சுன்னு ஒத்துக்கிட்டுக் குடுத்து அனுப்புறாரு. அதை வேணாம்னு சொல்ல நான் யாரு?"

அதற்குப் பிறகு பணம் வந்துகொண்டேயிருந்தது, இருபது, முப்பது என்று. சில சமயம் மாதக்கணக்கில் வராது. அப்போதெல்லாம் எனக்கு மறுபடி பயம் வரும், அவர் மனசு மாறிவிட்டதோ, நம்மைச் சபிக்கிறாரோ என்று. பிறகு கோமதி வந்து நிற்பார், எனக்கு மூச்சு வரும்.

அக்கா கடையைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனபோது, பழைய பாக்கிகளையெல்லாம் அடித்துவிட்டார். இதை மட்டும் அடிக்கவில்லை. "உன்கிட்ட வந்து குடுப்பாங்க, வாங்கி வை," என்றார்.

போன வாரம் சந்தையில் ஜெயபாலனையே பார்த்தேன். தலை நரைத்திருக்கிறது. லைசென்ஸ் திரும்பக் கிடைத்து இப்போது தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் மீன் விலையைப் பற்றிப் பேசினேன். அவர் பையைத் துழாவி இரண்டு பத்து வெள்ளித் தாளை என் கையில் வைத்தார்.

"அக்காகிட்ட சேத்துருங்க அண்ணே. இன்னும் எவ்வளவு?"

எனக்கு மனப்பாடம். ஆனாலும் விரல் விட்டு எண்ணுவதுபோல் நடித்துவிட்டுச் சொன்னேன்.

"எழுபது வெள்ளி."